பெரி. சுந்தரம் (1890–1957)

மாணவர்களே, பெரி. சுந்தரம் மலையகத் தோட்டப் பின்னணியிலிருந்து கேம்பிரிட்ஜ் சென்று கற்றுச் சட்டத்தரணியானவர். அக்காலத்தில், 1865ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையிலிடலாம். கடன் விபரம் எழுதிய ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்திற்குச் செல்லவும் முடியாது. (துண்டு முறையையும் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) சட்டம் கற்றவர் செல்வந்தரின் வழக்குகளோடு நின்றிருக்கலாம். இவரோ 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலம் நிறுவிய இலங்கைத் தொழிலாளர் சேமநலச் சங்கத்தின் செயலாளராகிக் கூலித் தொழிலாளருக்காக வாதாடினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1931இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். வேலையில் காயமுற்றவர் நட்டஈடு கோர வழிசெய்த 1934ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பதவிக்காலத்திலேயே வந்தது.