மண்புழுவுக்கு பியானோ வாசித்துக் காட்டியவர்

சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மண்புழு உரத் தொட்டி உங்கள் எல்லாருக்கும் தெரியும். மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுகிறவர்களையும் எனக்குத் தெரியும்! இந்த முறை நான் எழுதுவது மண்புழுவைப் பார்த்து ஓடாத ஒருவரைப் பற்றி. அவர் பெயர் சார்லஸ் டார்வின்.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான்னு சொன்னாரே அவர்தானே என்பீர்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. குரங்குக்கும் நமக்கும் மூதாதை ஒன்று என்றுதான் சொன்னார். அதை அறிவியல் டீச்சர் பத்தாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அவர் கடைசியாக எழுதிய அறிவியல் புத்தகம் மண்புழுவைப் பற்றியது. அது நிறைய பேருக்குத் தெரியாது.

டார்வின் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். எட்டு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். பள்ளியில் அவர் முதல் மாணவர் எல்லாம் இல்லை. வண்டு பிடிப்பதும் கல் பொறுக்குவதும்தான் பிடிக்கும். டாக்டருக்குப் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ஆபரேஷனைப் பார்க்க முடியாமல் வெளியே ஓடி வந்துவிட்டார். அந்தப் படிப்பு அதோடு நின்றது.

1831-இல் பீகிள் என்ற கப்பலில் உலகத்தைச் சுற்ற அழைப்பு வந்தது. அப்பா வேண்டாம் என்றார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட்தான் பேசிச் சம்மதிக்க வைத்தார். ஐந்து வருடம் ஆகப் போகிற நேரத்தில், 1836 அக்டோபரில் திரும்பி வந்தார். அந்தப் பயணத்தில் பார்த்ததை எல்லாம் வைத்து 1859-இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். உலகமே சண்டை போட்டது. அதைப் பற்றி எழுத இந்தத் தாள் போதாது.

மண்புழுவுக்கு வருகிறேன். கப்பலில் இருந்து வந்த பிறகு மாமா வீட்டுக்குப் போயிருந்தார். மாமா தன் வயலைக் காட்டினார். சில வருடம் முன்பு மேலே தூவிய சுண்ணாம்பும் கரித்துண்டும் இப்போது மண்ணுக்குள்ளே சில அங்குலம் கீழே இருந்தன. யாரும் உழவில்லை, புதைக்கவில்லை. இது மண்புழு வேலையாக இருக்கும் என்று மாமா நினைத்தார். புழு கீழே இருந்து மண்ணைத் தின்று மேலே வந்து எச்சம் போடுகிறது. மேலே மண் ஏற ஏற, பழைய பொருள் கீழே போகிறது. டார்வின் 1837-இல் இதை அறிஞர்கள் சபையில் படித்தார். 1839-இல் அந்த மாமாவின் மகள் எம்மாவையே கல்யாணம் செய்துகொண்டார். நம்ம ஊர்ப் பழக்கம் மாதிரியே இருக்கிறது பாருங்கள்!

இவ்வளவு சின்னப் புழுவுக்கு ஏது அவ்வளவு பலம் என்று பின்னாளில் மறுத்து எழுதியவரும் உண்டு. டார்வின் வாய்ச்சண்டைக்குப் போகவில்லை. 1842 டிசம்பரில் தன் வீட்டுப் பக்கத்து வயலில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார். 1871 நவம்பரில்தான் குழி வெட்டிப் பார்த்தார். 29 வருடம்! சுண்ணாம்பு ஏழு அங்குலம் கீழே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அந்த 29 வருடத்தில் பத்து வயது மகள் ஆனி இறந்தாள், பெரிய புத்தகம் வந்தது, தாடி நரைத்தது. புழு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது.

வயதான பிறகு புழுக்களைத் தொட்டியில் போட்டு வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். விசில் ஊதினார்கள், மகன் பெரிய குழல் வாசித்தார், பியானோ வாசித்தார்கள். புழு அசையவில்லை, அதற்குக் காது கிடையாது. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்தபோது அதிர்வு தெரிந்து சட்டென்று வளைக்குள் போய்விட்டது. முக்கோணமாகக் காகிதம் வெட்டிப் போட்டு, எந்த முனையைப் பிடித்து இழுக்கிறது என்று 303 காகிதத்தை எண்ணினார். நூற்றுக்கு 62 கூர்முனை வழியாகப் போயிருந்தன. கல்கத்தாவில் இருந்தும் நம் நீலகிரி மலையில் இருந்தும்கூட மண்புழு எச்சக் கட்டிகள் அவருக்குப் போயின. பல இடங்களில் ஒரு ஏக்கரில் வருடத்துக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுவின் வயிறு வழியாகப் போய் வருகிறது என்று கணக்குச் சொன்னார்.

எதைத் தின்னும் என்றும் பார்த்தார். முட்டைக்கோசும் கேரட் இலையும் பிடித்தன. புதினாவை அவ்வளவாகத் தொடவில்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏனென்றால் நம் தொட்டியில் புழு செத்ததற்குக் காரணம் நான்தான். என் முறை வந்த நாளில் மீந்த சாம்பார் சோற்றை ஒரு வாளி அப்படியே கொட்டிவிட்டேன். புழு ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடும். உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும். சோறு புளித்துச் சூடேறி, காற்றும் போகவில்லை. மூன்றாம் நாள் மூடியைத் திறந்தால் ஒரே நாற்றம். எறும்பு செய்தது என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சும்மா இருந்துவிட்டேன்.

டார்வினின் மண்புழுப் புத்தகம் 1881 அக்டோபரில் வந்தது. சில வாரத்திலேயே ஆயிரக்கணக்கில் விற்றது. அடுத்த வருடம் ஏப்ரல் 19-ஆம் நாள் இறந்தார். தன் கிராமத்து மண்ணிலேயே புதைக்கப்பட ஆசைப்பட்டார். ஆனால் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள் பெரிய மரியாதையோடு அடக்கம் செய்தார்கள்.

ஒரு விஷயம், அவர் பார்த்தது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் புழு. உரத் தொட்டியில் நாம் விடுவது மேலாகவே இருந்து குப்பையைத் தின்னும் வகை. அதனால் வயலில் பிடித்து வந்து போட்டால் சரிப்படாது. டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, தொட்டியைக் கழுவச் சொன்னார்கள். நானும் இன்னும் இரண்டு பேரும் கழுவி, தென்னை நாரும் ஆறின பழைய சாணமும் போட்டு, ஈரச் சாக்கு மூடி வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை புதுப் புழு வருகிறது. கீரைத்தண்டு, காய்த்தோல், நொறுக்கிய முட்டை ஓடு மட்டும் கொண்டு வாருங்கள். சாம்பார், ரசம், ஊறுகாய் வேண்டாம். சத்துணவு ஆயாவிடமும் சொல்லியாச்சு.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி