மூக்கு சிந்தக் கற்றுக்கொடுத்த டாக்டர்!

சட்டை பட்டன் போட உங்களுக்கு எத்தனை செகண்ட் ஆகும்? ரெண்டு? ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தைக்கு அது பல மாதப் பாடமாகக்கூட இருக்கலாம். துணியைப் பிடிக்கணும், ஓட்டையைப் பார்க்கணும், பட்டனைத் தள்ளணும், அந்தப் பக்கம் இழுக்கணும். நாலைந்து குழந்தைகளை உட்காரவெச்சு இப்படிப் படிப்படியா சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் ஒரு மரச்சட்டத்தைப் பார்க்கலாம். அதில் ரெண்டு துணி, நடுவுல வரிசையா பட்டன்கள். அந்தச் சட்டத்தைப் பிரபலமாக்கியவர், மரியா மாண்டிசோரி.

1870-ல் இத்தாலியில் பிறந்தவர். பெண் டாக்டர்களே அபூர்வமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோமில் மருத்துவப் பட்டம் வாங்கினார். மனநலக் காப்பகங்களுக்குப் போனபோது, 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தி அடைத்துவைத்திருந்த குழந்தைகளைப் பார்த்தார். ஆட்டிசம்னு தனியா ஒண்ணு இருப்பதே அப்போ யாருக்கும் தெரியாது. இந்தக் குழந்தைகளுக்கு மருந்தைவிட, கைக்கு வேலைதான் முக்கியம்னு அவருக்குப் புரிந்தது. 1900-ல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பள்ளியில் பொறுப்பேற்று, அதையே செய்து பார்த்தார்.

அதே நேரத்தில், 1898-ல் பிறந்த அவருடைய மகன் மரியோ, கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்துகொண்டிருந்தான். கல்யாணம் ஆகாத அம்மா என்று வெளியே தெரிந்தால், அந்தக் காலத்தில் அவருடைய வேலையே போயிருக்கும். ஊரார் பிள்ளைகளுக்குப் பட்டன் போடக் கற்றுக்கொடுத்தவருக்கு, சொந்தப் பிள்ளைக்குப் போட்டுவிடக் கொடுத்துவைக்கல.

1907-ல் ரோமின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் தன் முதல் 'குழந்தைகள் இல்லம்' திறந்தார். அங்கே ஒருநாள், மூக்கை எப்படிச் சத்தமில்லாமல் சிந்துவது என்று கைக்குட்டையை வைத்து நிதானமாகச் செய்து காட்டினார். யாராவது சிரிப்பாங்கன்னு பார்த்தால், குழந்தைகள் கைதட்டினார்கள்! மூக்கு ஒழுகுதுன்னு திட்ட ஆயிரம் பேர் இருந்தாங்க. எப்படித் துடைக்கணும்னு மரியாதையா சொல்லிக்கொடுக்க அதுவரை ஒருத்தர்கூட இல்லை.

பல வருடம் கழித்து மரியோ அம்மாவிடமே வந்து சேர்ந்தார். 1939-ல் இருவரும் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். போர் வந்ததால் ஊர் திரும்ப முடியாமல், கொடைக்கானலிலும் தங்கினார்கள். 1952-ல் நெதர்லாந்தில் மரியா இறந்தபோதும் மகன் கூடவே இருந்தார்.

உங்க வீட்டுல ஒரு குழந்தை பட்டனோட மல்லுக்கட்டினா, அவசரப்பட்டுப் போட்டுவிடாதீங்க. ஒருமுறை மெதுவா போட்டுக் காட்டுங்க. அப்புறம் கொஞ்சம் காத்திருங்க.