ஒரு கால், 143 நாள், ஆளுக்கு ஒரு டாலர்: யார் இந்த டெர்ரி ஃபாக்ஸ்?

வேலூரில் கிளம்பி கண்ணமங்கலம் வழியாக சந்தவாசல் வரை சைக்கிளில் போனவர்களுக்கு அந்த ரோடு தெரியும். மேற்குப் பக்கம் ஜவ்வாது மலை கூடவே வரும். கியர் சைக்கிளில் போனாலும் சந்தவாசல் வந்ததும் உடம்பு ஒரு டீ கேட்கும். கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தை, வலது காலுக்குப் பதில் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு, 143 நாள் ஓடியிருக்கிறார் ஒருவர். புற்றுநோயாளி ஒருவரை மனதில் வைத்து நீண்ட தூரம் ஓடியோ சைக்கிள் மிதித்தோ நிதி திரட்டும் பழக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசினால் டெர்ரி ஃபாக்ஸ் பெயர் வராமல் இருக்காது.

1958-ல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். கூடைப்பந்து என்றால் உயிர். 1977-ல் முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் எனத் தெரிந்தது. 18 வயதில் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். பிறகு 16 மாதம் கீமோதெரபி.

அந்த வார்டில் இரண்டு விஷயங்கள் அவரை உலுக்கின. பக்கத்துப் படுக்கைகளில் இருந்த சிறுவர்கள் பட்ட பாடு ஒன்று. பிழைக்கும் வாய்ப்பு பற்றி டாக்டர்கள் சொன்ன கணக்கு இன்னொன்று: இப்போது 50 சதவீதம், இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் 15 சதவீதம். நடுவில் நடந்தது ஆராய்ச்சிதான். அதற்குப் பணம் வேண்டும். டெர்ரி கேட்டதெல்லாம் இவ்வளவுதான்.

14 மாதம் பயிற்சி எடுத்தார். 1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கோடியில் உள்ள செயின்ட் ஜான்ஸ் நகரில் அட்லான்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டுக் கிளம்பினார். பசிபிக் கரை வரை, தினமும் ஒரு மாரத்தான், அதாவது 42 கிலோமீட்டர் என்பது திட்டம். நண்பர் ஒருவர் வேனில் கூடவே வந்தார். அன்றைய செயற்கைக் கால் ஓடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. அது முன்னால் வந்து சேர்வதற்குள் நல்ல காலில் கூடுதலாக ஒரு துள்ளல் போட வேண்டும். காலின் முண்டுப் பகுதி உரசி ரத்தம் கசியும்.

ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் சுமார் 10,000 பேர் வாழும் போர்ட் ஆ பாஸ்க் என்ற சின்ன ஊர் 10,000 டாலர் கொடுத்தது. தலைக்கு ஒரு டாலர்! நாடு முழுக்க இப்படிக் கிடைத்தால் என்ன என்ற எண்ணம் அங்கே வலுத்தது. விளம்பரத்துக்கு வரச் சொன்ன கம்பெனிகளுக்கு அவர் மறுப்பு சொல்லிவிட்டார். ஜூலையில் டொரான்டோ வந்தபோது வரவேற்கக் கூடியவர்கள் சுமார் 10,000 பேர்.

அந்தப் பயணத்தில் சைக்கிளும் உண்டு. ஒன்டாரியோவில் அவரைப் பார்க்க வந்த 10 வயதுச் சிறுவன் ஒருவன், அதே நோயில் அதே மாதிரி ஒரு காலை இழந்தவன். இருவரும் ஏரியில் நீந்தினார்கள். டெர்ரி ஓடும்போது பின்னாலேயே சுமார் 10 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்தான் அவன். மொத்தப் பயணத்திலும் டெர்ரியை அதிகம் நெகிழவைத்தது இதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வழியில் முறையான மருத்துவப் பரிசோதனைகளை அவர் தவிர்த்தார். இதயத்தில் கோளாறு இருப்பது கிளம்பும்போதே தெரியும். மன உறுதியைப் பாராட்டலாம், செக்கப்பைத் தள்ளிப்போட்டதைப் பாராட்ட முடியாது. செப்டம்பர் 1-ம் தேதி தண்டர் பே நகருக்கு அருகே இருமலும் நெஞ்சுவலியும் தாங்காமல் வேனில் ஏறினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அதுவரை ஓடியது 5,373 கிலோமீட்டர்.

ஓட்டம் நின்ற பிறகுதான் பணம் கொட்டியது. ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல். 1981 பிப்ரவரியில் மொத்தத் தொகை 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் 2.4 கோடிதான். ஆளுக்கு ஒரு டாலர் கணக்கு நேர் ஆனது, அவர் உயிரோடு இருக்கும்போதே. அந்த ஜூன் 28-ம் தேதி, 23-வது பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு இறந்துபோனார்.

அதே செப்டம்பரில் முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் சுமார் 3 லட்சம் பேர் கலந்துகொண்டார்கள். இதில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று எதுவும் கிடையாது. ஓடலாம், நடக்கலாம், சைக்கிளிலும் வரலாம். யாருக்காக வருகிறோம் என்று பெயரை எழுதி நெஞ்சில் ஒட்டிக்கொள்வது வழக்கம். சென்னையில் ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது. தண்டர் பே அருகே அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள். ஓடி முடிக்காத மேற்குத் திசையைப் பார்த்தபடி நிற்கிறது அது.