மின்னலுக்கு வழி காட்டிய மாமேதை பெஞ்சமின் பிராங்க்ளின்



சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், ஒரு மாலைப் பொழுது. ஆரம்பாக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நானும் தங்கையும் பாடம் படித்துக்கொண்டிருந்தோம். பழவேற்காடு ஏரியின் பக்கமிருந்து கருமேகங்கள் திரண்டு வந்தன. பக்கத்து வீட்டுப் பாட்டி வழக்கம்போல் அர்ச்சுனனின் பெயரைச் சொல்லத் தொடங்கினார். கண்ணைப் பறிக்கும் ஓர் ஒளி. மறு நொடியே காதை அடைக்கும் ஓர் ஓசை. விளக்குகள் அணைந்தன. மின்சாரம் திரும்பி வந்தபோது எங்கள் டி.வி. உயிர் பெறவில்லை. செட் டாப் பாக்ஸும் இன்டர்நெட் மோடமும் கருகிய வாடையுடன் அதற்குத் துணை போயிருந்தன. மறுநாள் காலையில் பார்த்தால், தெருக்கோடிப் பனைமரத்தின் தலை கருகி நின்றது.

வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் டி.வி.யைப் பார்க்கவில்லை. கொல்லைப்புறம் சென்று எர்த் கம்பியைத்தான் பார்த்தார். அது துருப்பிடித்து அறுந்து, மண்ணைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எர்த் இல்லாத வீட்டில் எந்தப் பாதுகாப்புக் கருவியைப் பொருத்தினாலும் பயனில்லை என்றார் அவர். அப்பா தலைகுனிந்தார். கம்பி அறுந்தது அவருக்கு முன்பே தெரியும். கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு வேலை பார்த்துக் களைத்து வரும் அவர், வரும் ஞாயிறு பார்க்கலாம், வரும் ஞாயிறு பார்க்கலாம் என்று மூன்று மாதங்களாகத் தள்ளிப் போட்டுவிட்டார்.

வானத்து இடிக்கும் கொல்லையில் கிடக்கும் ஒரு கம்பிக்கும் என்ன உறவு? இதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அந்த உறவை உலகுக்குக் கண்டு சொன்ன ஒரு மனிதரின் வரலாற்றைப் படிக்கும்படி அவர் என்னைப் பணித்தார். நான் படித்ததையே இங்கு உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இளமையும் உழைப்பும்

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோசையா சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்பவர். அவருடைய பதினேழு பிள்ளைகளில் பெஞ்சமின் பதினைந்தாமவர். மகனைச் சமயப் பணிக்கு அனுப்ப எண்ணிய தந்தை அவரைப் பள்ளியில் சேர்த்தார். ஆனால் குடும்பத்தின் வறுமை இடங்கொடுக்கவில்லை. பத்து வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. பன்னிரண்டு வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

பள்ளி அவரை விட்டாலும் படிப்பை அவர் விடவில்லை. புலால் உண்பதை நிறுத்தி, அதில் மிஞ்சிய காசுக்குப் புத்தகம் வாங்கினார். பதினாறு வயதில், ஒரு விதவைப் பெண்மணி எழுதுவதுபோல் புனைபெயரில் கட்டுரைகள் எழுதி, இரவில் அச்சகத்தின் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தார். எழுதியவர் தம் தம்பி என்பதை அறியாமலே அண்ணன் அவற்றைப் பத்திரிகையில் வெளியிட்டார்! நம்மைவிட ஒரே வயது மூத்தவர் செய்த செயல் இது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அண்ணனின் கண்டிப்பைத் தாங்காமல் 1723இல் பிலடெல்பியா நகருக்கு ஓடிப்போனார். அங்கே உழைத்து உயர்ந்து சொந்த அச்சகமும் பத்திரிகையும் நடத்தினார். 1730இல் டெபோரா ரீட் என்னும் பெண்மணியோடு இல்லறம் தொடங்கினார். 1731இல் நூலகம் ஒன்றையும் 1736இல் தீயணைப்புக் குழு ஒன்றையும் ஊராரைக் கூட்டி ஏற்படுத்தினார். அவர் ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்கம் வீடுதோறும் விற்பனையாயிற்று.

ஆறாத ஒரு துயரம்

அதே 1736ஆம் ஆண்டில் அவருடைய செல்ல மகன் பிரான்சிஸ் பெரியம்மை கண்டு இறந்தான். அவனுக்கு வயது நான்குதான். பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்தும் முறை அந்நாளிலேயே இருந்தது. அதன் நன்மையைப் பிராங்க்ளின் நன்கு அறிந்திருந்தார். தம் பத்திரிகையில் அதை ஆதரித்தும் வந்தார். மகன் வேறொரு நோயால் மெலிந்திருந்ததால், சற்றுத் தேறட்டும் என்று நாளைத் தள்ளிப் போட்டார். அம்மை காத்திருக்கவில்லை. அந்த வருத்தம் முதுமை வரை அவரை விடவில்லை. மற்றப் பெற்றோரும் தம்மைப்போல் வருந்தக் கூடாதே என்று தம் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதி வைத்தார். இந்தப் பகுதியைப் படித்தபோது என் மனம் எங்கள் வீட்டு அறுந்த கம்பியை நினைத்துக்கொண்டது.

மின்னலின் உண்மை

1740களில் மின்சாரம் என்பது ஒரு வேடிக்கைப் பொருள். கண்ணாடிக் குழாயைத் துணியால் தேய்த்துப் பொறி வரச் செய்து கூட்டத்தை மகிழ்விப்பார்கள். லண்டனிலிருந்து பீட்டர் காலின்சன் என்ற நண்பர் அத்தகைய குழாய் ஒன்றைப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார். அது பிராங்க்ளினின் வாழ்வையே மாற்றியது. 1748இல், நாற்பத்திரண்டு வயதில், அச்சுத் தொழிலைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு ஆராய்ச்சியில் மூழ்கினார். மின்னேற்றத்தை நேர், எதிர் என்று நாம் இன்று பிரிப்பது அவர் வகுத்த முறையேயாம்.

மின்பொறிக்கும் மின்னலுக்கும் உள்ள ஒற்றுமைகளை 1749 நவம்பரில் அவர் வரிசையாகக் குறித்தார். இரண்டும் ஒளி தருகின்றன, கோணல் மாணலாக ஓடுகின்றன, ஓசை எழுப்புகின்றன, உலோகத்தின் வழியே பாய்கின்றன, உயிரைக் கொல்கின்றன. மின்னேற்றம் பெற்ற உருண்டையின் அருகே கூரான ஊசியைக் காட்டினால், அது ஓசையின்றி மின்சாரத்தை இழுத்துக்கொள்வதையும் அவர் கண்டார். அவ்வாறாயின், வீட்டின் உச்சியில் கூரான கம்பியை நட்டு மண்வரை இறக்கினால் என்ன என்பது அவருக்குத் தோன்றிய கேள்வி.

இந்த ஆராய்ச்சி விளையாட்டல்ல. 1750ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பு, வான்கோழி ஒன்றை மின்சாரத்தால் கொல்ல முயன்றபோது அந்த அதிர்ச்சி அவர்மீதே பாய்ந்து, அவர் தம் நினைவை இழந்தார்.

அவர் எழுதிய நூல் 1751இல் லண்டனில் வெளியாயிற்று. அதைப் படித்த டாலிபார் என்ற பிரெஞ்சு அறிஞர், பாரிசுக்கு அருகே மார்லி என்னும் சிற்றூரில் நாற்பதடி இரும்புக் கம்பியை நட்டு வைத்தார். 1752 மே 10ஆம் நாள் புயல் வந்தபோது அவர் ஊரில் இல்லை. காவலுக்கு இருந்த கொய்ஃபியே என்ற முதிய போர்வீரர் கம்பியிலிருந்து மின்பொறியை வரவழைத்து, ஊர்ப் பங்குக் குருவான ராவுலே அடிகளுக்கு ஆளனுப்பினார். ஆலங்கட்டி மழையில் குருவானவர் ஓடுவதைக் கண்ட ஊரார், வீரர் இறந்துவிட்டார் என்று எண்ணிப் பின்னால் ஓடினார்கள். குருவானவரோ அச்சமின்றித் தம் கையாலேயே அச்சோதனையைச் செய்து பார்த்தார்!

இச்செய்தி வந்து சேருமுன், அதே ஆண்டு ஜூன் மாதம், பிராங்க்ளின் தம் மகன் வில்லியத்தோடு பட்டம் விட்டார். பட்டத்தின் தலையில் கூரிய கம்பி, சணல் கயிற்றின் முனையில் ஒரு சாவி, கையில் பிடிக்க உலர்ந்த பட்டு நாடா. மழையில் நனைந்த கயிறு மின்சாரத்தைக் கீழே கொண்டுவந்தது. விரலைச் சாவியருகே நீட்டியதும் பொறி பறந்தது. மின்னல் பட்டத்தின்மீது விழவில்லை. விழுந்திருந்தால் அவர் உயிர் தப்பியிருக்க மாட்டார். அடுத்த ஆண்டே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மான் என்ற பேராசிரியர் இத்தகைய சோதனையில் மின்னல் தாக்கி மாண்டார். ஆகவே தோழியரே, இதை எவரும் செய்து பார்க்கத் துணியக் கூடாது.

வீட்டுக்குள் ஒலித்த மணி

1752 செப்டம்பரில் தம் வீட்டின் கூரையில் பிராங்க்ளின் கம்பி நட்டார். அதை மாடிப்படி ஓரமாக இறக்கிக் கிணற்றுப் பம்பின் இரும்போடு இணைத்தார். நடுவில் மட்டும் கம்பியைத் துண்டித்து, இடைவெளியில் இரண்டு சிறு மணிகளைத் தொங்கவிட்டார். மேகத்தில் மின்சாரம் மிகும்போது மணி தானே அடிக்கும். உடனே ஆராய்ச்சி தொடங்கலாம். ஆனால் கணவர் லண்டன் சென்றபின் தனித்திருந்த டெபோரா அம்மையார் அந்த மணியோசை கேட்டு நடுங்கினார். மணிகளுக்கிடையே ஒரு கம்பியைக் கட்டிவிடும்படி கணவர் கடிதம் எழுதினார். இடைவெளி மூடினால் மின்சாரம் அமைதியாக மண்ணுக்குச் சென்றுவிடும். துண்டான கம்பியில்தான் பொறி பறக்கும் என்பதை அந்த இல்லத்தரசி தம் வீட்டிலேயே கண்டார்.

இடிதாங்கியை அமைக்கும் முறையைப் பிராங்க்ளின் 1753ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தில் எல்லோரும் அறிய அச்சிட்டார். கம்பியின் கீழ்முனை மூன்று நான்கு அடி ஈர மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேல்முனை கூரைக்கு மேலே ஆறு முதல் எட்டு அடி உயர்ந்து நிற்க வேண்டும். உச்சி கூராக இருக்க வேண்டும். இதற்காக அவர் காப்புரிமை பெறவில்லை. ஒரு காசும் கேட்கவில்லை.

அறிந்தும் தயங்கிய உலகம்

ஆயினும் உலகம் உடனே ஏற்கவில்லை. இறைவனின் சினத்தைத் தடுக்க மனிதன் யார் என்று சிலர் கேட்டனர். புயல் வந்தால் ஆலய மணியை அடித்து இடியை விரட்டுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். ஊரிலேயே உயர்ந்தது ஆலயக் கோபுரம்; அதன் அடியில் ஈரக் கயிற்றைப் பிடித்து நிற்பவர் மணியடிப்பவர். 33 ஆண்டுகளில் 386 கோபுரங்கள்மீது மின்னல் விழுந்ததாகவும், மணியடித்த 103 பேர் மாண்டதாகவும் 1784இல் மியூனிக் நகரில் வெளியான ஒரு நூல் கணக்கிட்டது. இத்தாலியின் பிரெஸ்சியா நகரில் 1769இல் வெடிமருந்துக் கிடங்கின்மீது மின்னல் விழுந்து நகரின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. இடிதாங்கியைப் பற்றி உலகம் அறிந்து அப்போது பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன!

மொராவியாவில் புரோகோப் டிவிஷ் என்ற கத்தோலிக்கக் குரு 1754இல் தாமே ஒரு மின்கம்பி அமைப்பை உயர்த்தினார். பின்னர் மழை பொய்த்தபோது, அதுவே மழையைத் தடுத்தது என்று சினந்து உழவர்கள் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். உண்மை மெல்லத்தான் வென்றது. பலமுறை மின்னலால் சிதைந்த வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு மணிக்கோபுரம் 1776இல் இடிதாங்கி பெற்றது.

அதே 1776இல் அமெரிக்க விடுதலை அறிக்கையில் பிராங்க்ளின் கையெழுத்திட்டார். பிறகு பிரான்சில் தூதராகப் பணியாற்றி, 1783இல் சமாதான உடன்படிக்கையை முடித்து வைத்தார். இளமையில் அடிமைகளை வைத்திருந்த அவர், முதுமையில் அது தவறென உணர்ந்து, 1790இல் அடிமை முறையை ஒழிக்கும்படி நாட்டின் பேரவைக்கு மனுக் கொடுத்தார்.

1785இல் அவர் பிலடெல்பியாவுக்குத் திரும்பிய பின் தம் வீட்டைப் பழுதுபார்த்தபோது ஒரு விந்தை வெளிப்பட்டது. கூரைக் கம்பியின் ஒன்பது அங்குலச் செப்பு முனை ஏறக்குறைய முழுவதும் உருகிப் போயிருந்தது. அவர் இல்லாத ஆண்டுகளில் மின்னல் விழுந்திருக்கிறது; வீட்டுக்கோ ஒரு தீங்கும் இல்லை! பிறருக்காக அளித்த கொடை தமக்கும் உதவியதை எண்ணி அவர் மகிழ்ந்தார். 1790 ஏப்ரல் 17ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் வயதில், இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் செய்ய வேண்டியது

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 2,887 பேர் மின்னலுக்குப் பலியானார்கள். பிராங்க்ளினின் கம்பி கட்டடத்தைக் காக்கும். ஆனால் கம்பங்களில் வரும் மின்கம்பி வழியாகவும், கேபிள் வழியாகவும் பாய்ந்து வரும் மின்னழுத்தம் வீட்டுக்குள்ளிருக்கும் கருவிகளைக் கருக்கிவிடும். தொலைவில் விழுந்த மின்னலுக்கும் இவ்வாற்றல் உண்டு. இதற்காக மீட்டர் அருகே சர்ஜ் பாதுகாப்புக் கருவி பொருத்துகிறார்கள். அளவான மின்சாரம் வரும்போது அது சும்மா இருக்கும். அளவு மீறினால் கதவைத் திறந்து, மிகுதியை எர்த் வழியே மண்ணுக்கு அனுப்பும். இதுவும் பிராங்க்ளின் காட்டிய வழியே. ஸ்டெபிலைசர் இந்த வேலையைச் செய்யாது. சுவிட்சை அணைத்தாலும் போதாது, அதனுள் இருக்கும் சிறு இடைவெளியை மின்னல் தாண்டிவிடும். மழை நெருங்குமுன்பே பிளக்கையும் கேபிளையும் மோடத்தின் வயரையும் கழற்றி வைப்பதே எளிய வழி. இடி தலைக்குமேல் வந்தபின் கழற்ற ஓடுவது ஆபத்து; பெட்டி போனால் வாங்கலாம்.

எங்கள் வீட்டில் அடுத்த ஞாயிறே அப்பா புதிய குழி தோண்டினார். கரியும் உப்பும் நிரப்பி, எலக்ட்ரீஷியன் அண்ணன் புதிய எர்த் கம்பியை இணைத்தார். மீட்டர் அருகே சர்ஜ் கருவியும் வந்தது. கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது தங்கையின் பொறுப்பு. அவள் அதை மறப்பதில்லை.

அறியாமல் இழப்பது ஒரு துயரம். அறிந்தும் நாளை என்று தள்ளி இழப்பது ஆறாத துயரம். நான்கு வயது மகனை இழந்து பிராங்க்ளின் கற்ற பாடத்தை, ஒரு டி.வி. பெட்டியை மட்டும் இழந்து நாங்கள் கற்றோம். தோழியரே, இன்று மாலை வீடு சென்றதும் உங்கள் கொல்லைப்புறத்தை ஒருமுறை பாருங்கள். அங்கே எர்த் கம்பி மண்ணைத் தொடுகிறதா?