எதிர்வாதமும் கேட்ட நீதியரசர் இப்னு ருஷ்து

வழக்குரைக்க வந்த இருவருள் ஒருவர் சொல்லை மட்டும் செவிமடுத்துத் தீர்ப்பளிப்பவர் நீதிபதி ஆகார். மன்றத்தில் அனைவரும் ஒப்புக்கொள்ளும் இந்நெறியை அறிவுலகில் கடைப்பிடிப்போர் மிகச் சிலரே. தமக்கு உடன்பாடற்ற கருத்தையும் அதற்குரியவர் கூறியவாறே எடுத்துவைத்து, அது தோன்றிய காரணத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே தம் முடிவைச் சொல்லும் பெருந்தன்மை எளிதில் வாய்ப்பதன்று. அப்பெருந்தன்மையைத் தம் வாழ்நாள் முழுதும் போற்றியவர் முஸ்லிம் ஸ்பெயின் ஈன்ற பேரறிஞர் இப்னு ருஷ்து. சட்டம், ஒழுக்கவியல், மெய்யியல், மருத்துவம், இலக்கியத் திறனாய்வு ஆகிய பல துறைகளிலும் அவர் நூல் செய்தார். எனினும் அவர் முதலில் ஒரு நீதிபதி. இறுதிவரையிலும் நீதிபதியின் மனத்தோடே எழுதியவர்.

குடும்பமும் கல்வியும்

குவாதல்கிவிர் ஆற்றங்கரையில் அமைந்த குர்துபா நகரில் ஹிஜ்ரி 520ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 1126இல், அபுல் வலீத் முஹம்மத் இப்னு ருஷ்து பிறந்தார். அவருடைய பாட்டனாரும் அதே பெயருடையவர். குர்துபாவின் தலைமைக் காஜியாக விளங்கியவர். மாலிகி மத்ஹபின் சட்ட நூல்களால் புகழ்பெற்றவர். பேரர் பிறந்த அதே ஆண்டில் பாட்டனார் மறைந்தார். தந்தையாரும் காஜி பதவி வகித்தவரே. பெயர் ஒன்றாக இருந்தமையால், பாட்டனார் என்றும் பேரர் என்றும் அடைமொழி சேர்த்தே வரலாற்றாசிரியர்கள் இருவரையும் பிரித்து வழங்கினர்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலைத் தந்தையாரிடம் மனனம் செய்தார் இப்னு ருஷ்து. சமயச் சட்டத்தோடு அரபு இலக்கியம், இறையியல், மருத்துவம், கணிதம் ஆகியவற்றையும் பயின்றார். சட்ட மூலக் கொள்கை பற்றி இமாம் கஸ்ஸாலி (ரஹ்) எழுதிய முஸ்தஸ்ஃபா என்னும் நூலை இளமையிலேயே சுருக்கி எழுதினார். பின்னாளில் மெய்யியலில் எவருடைய கருத்தை மறுத்து அவர் பெருநூல் படைத்தாரோ, அவரிடமே முதலில் மாணவராக நின்று கற்றார் என்பது கருதத்தக்கது. தந்தையார் இறந்த இரவும் தமக்குத் திருமணம் நிகழ்ந்த இரவும் தவிர, வேறெந்த இரவும் அவர் படிப்பை விட்டதில்லை என்று பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று கூறுகின்றது.

அரசவையில் ஓர் இரவலர் அல்லர்

அந்நாளில் ஸ்பெயினையும் வடமேற்கு ஆப்பிரிக்காவையும் முவஹ்ஹிதூன் மரபினர் ஆண்டுவந்தனர். கலீஃபா அபூ யஃகூப் யூசுஃப் நூல்களில் தோய்ந்தவர். அவருடைய மருத்துவரும் அறிஞருமான இப்னு துஃபைல், இப்னு ருஷ்தை அரசவைக்கு அழைத்துச் சென்றார். வானம் என்றும் உள்ளதா, தோன்றியதா என்பது பற்றி மெய்யியலார் யாது கூறுகின்றனர் என்று கலீஃபா எடுத்த எடுப்பிலேயே வினவினார். சமயப் பகைக்கு இடமளிக்கும் வினா அது. இப்னு ருஷ்து அஞ்சினார். தாம் மெய்யியல் பயின்றவரே அல்லர் என்று மறுத்தார். அவர் அச்சத்தை உணர்ந்த கலீஃபா, இப்னு துஃபைலை நோக்கித் தாமே அரிஸ்டாட்டில், பிளேட்டோ ஆகியோர் கருத்துகளையும் அவற்றுக்கு முஸ்லிம் அறிஞர்கள் கூறிய மறுப்புகளையும் விரித்துரைத்தார். அதன் பின்னரே இப்னு ருஷ்துக்கு நா எழுந்தது. பரிசும் பெற்று மீண்டார்.

அரிஸ்டாட்டிலின் நூல்களும் அவற்றின் மொழிபெயர்ப்புகளும் விளங்கவில்லையே என்று கலீஃபா வருந்தியதாகவும், முதுமையால் தம்மால் இயலாத அப்பணியை இளையவரான அவர் ஏற்க வேண்டும் என்றும் பின்னொரு நாள் இப்னு துஃபைல் சொன்னார். அன்று தொடங்கிய உரைப்பணி ஏறத்தாழ 38 உரைகளாக வளர்ந்தது. சிறுசுருக்கம், இடைநிலை உரை, பேருரை என மூவகையில் அவர் எழுதினார். மூலத்தைப் பகுதி பகுதியாகத் தந்து சொல்லும் பொருளும் விளக்குவது பேருரை. உரையாசிரியர் மரபில் ஊறிய தமிழ் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. பிற்கால ஐரோப்பா அவரைப் பெயர் சொல்லாமல் ‘உரையாசிரியர்’ என்றே சுட்டிற்று.

1169இல் செவில் நகரின் காஜியாக அவர் அமர்த்தப்பட்டார். 1171இல் குர்துபாவுக்கு மாற்றப்பட்டார். 1182இல் மராக்கிஷில் கலீஃபாவின் மருத்துவரானார். பின்னர்ப் பாட்டனார் வகித்த குர்துபாவின் தலைமைக் காஜி பதவியும் அவரை வந்தடைந்தது. செவிலில் எழுதிய உரையொன்றில், தம் நூல்கள் குர்துபாவில் இருப்பதால் நேர்ந்த குறைகளைப் பொறுக்குமாறு படிப்போரை வேண்டினார். அரசரிடம் தமக்கிருந்த செல்வாக்கைத் தம் நலத்துக்குப் பயன்படுத்தாமல், ஊர் நலத்துக்கும் நாட்டு நலத்துக்குமே பயன்படுத்தினார் என்பது அவரைப் பற்றி எழுதினோர் ஒருமுகமாய்த் தரும் சான்று.

செருப்பு விற்பவரும் செருப்புத் தைப்பவரும்

சட்டத் துறையில் அவர் புகழை நிலைநாட்டிய நூல் பிதாயத்துல் முஜ்தஹித். இதன் பெரும்பகுதியை 1168 அளவில் எழுதினார்; ஹஜ்ஜு பற்றிய பகுதியை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துச் சேர்த்தார். தாம் மாலிகி மத்ஹபினராக இருந்தும், இந்நூலை அம்மத்ஹபின் வழக்குரையாக அவர் அமைக்கவில்லை. ஒவ்வொரு சிக்கலிலும் அறிஞர் ஒன்றுபடும் இடம் எது, வேறுபடும் இடம் எது, வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்னும் முறையில் நூல் நடக்கின்றது. யார் சொன்னார் என்பதினும் ஏன் சொன்னார் என்பதே அங்கு முதன்மை பெறுகின்றது.

சான்றாக ஒன்று காண்போம். மணவிலக்குப் பெற்ற பெண் இத்தா இருக்க வேண்டிய காலத்தை மூன்று குரூஉ எனத் திருக்குர்ஆன் வரையறுக்கின்றது. குரூஉ என்னும் அரபுச் சொல் மாதவிலக்கையும் குறிக்கும். இரு விலக்குகளுக்கு இடைப்பட்ட தூய்மைக் காலத்தையும் குறிக்கும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) முன்னதைக் கொண்டார். இமாம் மாலிக் (ரஹ்), இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ஆகியோர் பின்னதைக் கொண்டனர். நம் இலக்கணம் ‘பலபொருள் ஒருசொல்’ என்று வகுத்த மொழியியல்பே இங்குச் சட்ட வேறுபாட்டுக்கு வித்தாகின்றது. அவ்வாறே, உளூவின்போது கால்களைக் கழுவுதலா, ஈரக்கையால் தடவுதலா என்னும் கருத்து வேறுபாடு, ஒரு சொல்லின் ஈற்றில் வரும் உயிர்க்குறியை இருவகையாக ஓதியதால் எழுந்தது என்று அவர் காட்டுகின்றார். ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும் ஒரே ஊரில், சில வேளை ஒரே மாணவர் விடுதியில் வாழும் தமிழகத்து முஸ்லிம்களுக்கு இவ்விளக்கம் வெறும் ஏட்டறிவன்று. வேறுபாட்டின் வேரை அறிந்தவர், வேறுபடுவோரைக் குறைவாக எண்ணமாட்டார்.

பெண்கள் நீதிபதியாகலாமா என்னும் வினாவிலும் இதே நேர்மையைக் காணலாம். பெரும்பான்மையோர் கூடாதென்பதையும், உடைமை வழக்குகளில் ஆகலாம் என்று இமாம் அபூஹனீஃபா (ரஹ்) கூறியதையும், எல்லா வழக்குகளிலும் ஆகலாம் என்று தபரீ (ரஹ்) கூறியதையும், அவரவர் காரணங்களோடு முன்வைக்கின்றார்.

தீர்ப்புகளைத் திரளாக மனனம் செய்தவரே சட்ட வல்லுநர் என எண்ணுவோர்க்கு அவர் ஓர் உவமை தருகின்றார். கடையில் பல செருப்புகளை அடுக்கி வைத்திருப்பவர் ஒருவர். செருப்புத் தைக்க அறிந்தவர் மற்றொருவர். இருக்கும் செருப்புகளுள் எதுவும் பொருந்தாத காலோடு ஒருவர் வருங்கால், தைக்கத் தெரிந்தவரிடமே செல்ல வேண்டும். அன்று வந்திராத வழக்குகள் நாளை வரும். அவற்றுக்குத் தீர்வு காணும் ஆற்றலே சட்டக் கல்வியின் பயன் என்பது அவர் கருத்து.

கத்தி யாருடையது?

அயலார் எழுதிய நூல்களைக் கற்கலாமா என்னும் வினா அந்நாளில் அறிஞரிடையே கனன்றது. 1179 அளவில் எழுதிய ஃபஸ்லுல் மகால் என்னும் சிறுநூலில், இவ்வினாவைச் சட்ட வினாவாகவே எடுத்துக்கொண்டு அவர் தீர்ப்பெழுதினார். படைப்பை ஆராய்ந்து படைத்தவனை அறியுமாறு மறை பணிக்கின்றது. ஆராய்வதற்குக் கருவி வேண்டும். அக்கருவியை முன்னோர் செய்து வைத்திருப்பின் அதைக் கொள்வதே முறை. பலியிடும் கத்தி உரிய தகுதிகளோடு இருக்கிறதா என்று பார்க்கிறோமேயன்றி, அது நம் சமயத்தார் உடைமையா என்று பார்ப்பதில்லை. நீர் விக்கி ஒருவர் இறந்தார் என்பதற்காகத் தாகத்தால் வாடுவோர்க்கு நீரை மறுப்பதும் இல்லை. மறை காட்டும் உண்மையும் ஆராய்ச்சி காட்டும் உண்மையும் தம்முள் பகைக்கமாட்டா என்பதே அவர் முடிபு.

மெய்யியலாரை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இருபது வினாக்களில் வைத்துக் கண்டித்திருந்தார். அவற்றுள் மூன்றில் அவர்கள் ஈமானையே இழந்தனர் என்றும் தீர்ப்பளித்திருந்தார். அதற்கு மறுப்பாகத் தஹாஃபுத்துத் தஹாஃபுத் என்னும் நூலை 1180 அளவில் இப்னு ருஷ்து எழுதினார். இமாமவர்களின் வாதங்களை அவர்தம் சொற்களாலேயே எடுத்தெழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை கூறினார். இமாம் சொல்வது பொருந்தும் இடங்களில் அதை ஒப்புக்கொண்டார். மெய்யியலாரான இப்னு சீனா பிழைபட்ட இடங்களில் அவரையும் விடவில்லை. தம் கட்சிக்காரர் என்பதற்காகச் சலுகை காட்டாத நீதிபதியை அந்நூலில் காண்கிறோம்.

ஒழுக்கமும் அரசும் கவிதையும்

அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல் நூலுக்கு 1177இல் அவர் உரை முடித்தார். மருத்துவத்தில் உடல்நலம் யாது என அறியும் பகுதியும், அதைக் காக்கும் பகுதியும் உள்ளன. அவ்வாறே வாழ்வியல் அறிவில் நற்பண்பு யாது என ஆராய்வது ஒழுக்கவியல். அதை ஊரில் நிலைபெறச் செய்வது அரசியல் என்றார். அரிஸ்டாட்டிலின் அரசியல் நூல் அவர் கைக்கு எட்டவில்லை. ஆதலால் பிளேட்டோவின் குடியரசு நூலுக்கு உரை கண்டார். அதில் தம் நாட்டு அரசியலையும் அஞ்சாது அளந்தார். சட்டத்தை ஒட்டித் தொடங்கிய முராபிதூன் ஆட்சி, மகன் காலத்தில் புகழுக்கும் பொருளுக்கும், பேரன் காலத்தில் இன்பத்துக்கும் அடிமையானதை எடுத்துக்காட்டினார். பெண்களை மகப்பேற்றுக்கும் வளர்ப்புக்கும் மட்டுமே ஒதுக்கிவிட்டதால் அவர்தம் ஆற்றல் வெளிப்படவில்லை என்றும், ஊர்களின் வறுமைக்கு இதுவும் ஒரு காரணம் என்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே எழுதினார்.

அரிஸ்டாட்டிலின் கவிதையியலுக்கும் உரை வகுத்தார். நாடக மேடை அவர் அறியாதது. எனவே துன்பியல் நாடகத்தைப் புகழ்ப்பாட்டாகவும், இன்பியல் நாடகத்தை வசைப்பாட்டாகவும் பொருள் கொண்டார். அது பிழையே. ஆயினும் அரபுக் கவிதைகளையும் மறையின் மொழிநடையையும் சான்றாக்கி அவர் செய்த ஆய்வு, அயல்நூலைத் தம் மொழி இலக்கியத்தோடு பொருத்திக் காணும் முயற்சிக்கு அரிய முன்னோடியாகும்.

வீழ்ச்சியும் மீட்சியும்

1184இல் கலீஃபா அபூ யஃகூப் மறைந்தபின் அவர் மகன் அல்மன்ஸூர் பட்டமெய்தினார். அவரும் தொடக்கத்தில் இப்னு ருஷ்தைப் போற்றினார். 1195இல் நிலைமை மாறிற்று. போர்க்காலத்தில் சட்ட அறிஞர் குழுவின் ஆதரவை அரசர் நாடினார் என்பர். பகைவர் கோள் மூட்டினர் என்றும் கூறுவர். மருத்துவம், கணக்கு, தொழுகை நேரமும் கிப்லாவும் அறிய உதவும் வானியல் ஆகியவை நீங்கலாக மெய்யியல் நூல்கள் எரிக்கப்பட்டன. எழுபதை நெருங்கிய முதியவர் குர்துபாவுக்குத் தென்கிழக்கே உள்ள லூசெனா என்னும் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். குர்துபாப் பள்ளிவாசல் ஒன்றில் அஸர் தொழுகைக்குத் தம் மகனோடு நுழைந்தபோது, கீழ்மக்கள் சிலர் தம்மை வெளியேற்றியதே இத்துன்பக் காலத்தில் தமக்கு நேர்ந்த பெருந்துயரம் என அவர் நொந்ததாகக் குறிப்பு உண்டு. அந்நகரின் தலைமைக் காஜியாய் இருந்தவர் அவர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும்.

சில ஆண்டுகளில் அரசர் மனம் மாறினார். அவரை மராக்கிஷுக்கு அழைத்துக்கொண்டார். ஆனால் அந்நலத்தை அவர் நெடுநாள் துய்க்கவில்லை. 1198 டிசம்பரில், ஹிஜ்ரி 595 ஸஃபர் மாதத்தில், உயிர் நீத்தார்.

அவர் எழுதியவை வேற்று மொழிகளில் பிழைத்தன. ஒழுக்கவியல் உரையை 1240இல் ஜெர்மானியரான ஹெர்மன் இலத்தீனில் பெயர்த்தார். குடியரசு உரையின் அரபு மூலம் மறைந்தது. யூத அறிஞர் ஒருவர் பதினான்காம் நூற்றாண்டில் செய்த எபிரேய மொழிபெயர்ப்பாலேயே அது நமக்குக் கிடைக்கின்றது. அவெர்ரோஸ் என்னும் பெயரில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அவர் கற்கப்பட்டார். அங்கேயே கண்டிக்கவும் பட்டார். பெருங்கவிஞர் தாந்தே தம் காவியத்தில் அவருக்கு இடமளித்தார். கத்தி யாருடையது என்று கேளாமல் அயலார் நூலை ஏற்ற அவருடைய நூல்களை, அயலார் அவ்வாறே ஏற்றுக் காத்தனர்.

மராக்கிஷில் அடக்கம் செய்யப்பட்ட அவருடல், மூன்று திங்களுக்குப் பின் தாயகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. ஒரு பொதிவிலங்கின் ஒருபுறத்தில் உடற்பேழை ஏற்றப்பட்டது. பாரம் சமமாகும் பொருட்டு மறுபுறத்தில் அவர் எழுதிய நூல்கள் ஏற்றப்பட்டன. இளமையில் அவரைச் சந்தித்திருந்த ஞானி இப்னு அரபீ அக்காட்சியை நேரில் கண்டு பதிவு செய்துள்ளார். வாழ்நாளெல்லாம் இருபுறமும் நிறுத்துப் பார்த்தவரின் இறுதிப் பயணமும் ஒரு துலாக்கோலாகவே அமைந்தது. அத்துலாக்கோலைக் கையேற்பது கல்விக்கூடங்களில் பயில்வோர் கடன்.