தக்காளிக்கும் கத்தரிக்கும் உறவு சொன்னவர்

வாடல் நோயில் தக்காளியை இழந்த வயலில், அடுத்த போகம் கத்தரி நட்டு அதையும் இழந்திருக்கிறீர்களா? இரண்டும் நெருங்கிய சொந்தம். மண்ணில் தங்கும் பாக்டீரியா வாடல் நோய் இரண்டையுமே தாக்கும். அந்தச் சொந்தத்தை 1753-லேயே எழுதி வைத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ்.

1707-ல் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை பாதிரியார், தோட்டப் பிரியர். சிறுவனுக்குச் செடிகள் அந்தத் தோட்டத்தில்தான் அறிமுகமாயின. வளர்ந்ததும் மருத்துவம் படித்தார். அன்று மருந்தில் பெரும்பகுதி மூலிகைதான். செடி மாறிப்போனால் நோயாளிக்கு ஆபத்து. ஆனால், ஒரே செடிக்கு நாட்டுக்கொரு பெயர். நூல்களிலோ ஒரு வரி நீளத்துக்கு லத்தீன் வர்ணனை.

இதற்குத் தீர்வாக 1735-ல் 'சிஸ்டமா நேச்சுரே' என்ற சிறு நூலை வெளியிட்டார். உங்கள் முகவரியில் மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர், வீடு என்று வருவதுபோல, உலகம், வகுப்பு, வரிசை, பேரினம், சிற்றினம் என உயிர்களுக்குப் படிகள் வகுத்தார். 1741-ல் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1753-ல் வந்த 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் ஏறத்தாழ 6,000 செடிகளுக்கு இரண்டே சொல்லில் பெயர் தந்தார். முதல் சொல் பேரினம். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு மூன்றுக்கும் அது 'சொலானம்'. நெல்லுக்கு அவர் வைத்த 'ஒரைசா சட்டைவா' இன்றும் மாறவில்லை.

அவரும் தவறினார். பூவின் மகரந்தத் தாள்களை எண்ணியே செடிகளை வகுப்புகளாகப் பிரித்ததால், சொந்தமில்லாதவையும் ஒன்றாகச் சேர்ந்தன. கேழ்வரகை வேறொரு புல்லின் பேரினத்தில் வைத்தார். பின்வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். வரிசைக்கும் பேரினத்துக்கும் நடுவே 'குடும்பம்' என்ற படியையும் சேர்த்தார்கள். மிளகாயின் பேரினம் வேறு. ஆனால் குடும்பம் கத்தரியுடையதே.

அவருடைய மாணவர் கோனிக் 1768-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்து செடிகளைச் சேகரித்தார். லின்னேயஸ் 1778-ல் மறைந்தார். அவர் வகுத்த படிகள் இன்றும் உங்கள் வயலுக்கு உதவும்.

அடுத்த பயிரைத் தேர்வு செய்யும்போது அதன் குடும்பத்தைக் கேளுங்கள். வாடல் நோய் கண்ட நிலத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எதையும் அடுத்து நடாதீர்கள். புல் குடும்பத்தைச் சேர்ந்த நெல், சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு என மாற்றுங்கள். சொந்தக்காரப் பயிர் கிடைக்காதபோது மண்ணிலுள்ள நோய்க்கிருமி மெல்லக் குறையும்.