பாசியைப் படித்த பேராசிரியர்

பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி, நெல்லைச் சீமையின் வயல்களுக்கெல்லாம் நீர் வார்த்துவிட்டு, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அங்கே மீனவர் வலையில் விழும் மீனுக்கு உணவு எது? சின்ன மீன். சின்ன மீனுக்கு? கண்ணுக்கு எளிதில் தெரியாத கடல் பூச்சி. அந்தப் பூச்சிக்கு? கடல் நீரில் மிதக்கும் நுண்ணிய பாசி! சூரிய வெளிச்சத்தையும் கரியமில வாயுவையும் கொண்டு கடலுக்கெல்லாம் அடுப்பு மூட்டிச் சமைப்பது அந்தப் பாசிதான்.

காலை வழுக்கிவிடும் பொருள் என்று ஊரார் ஒதுக்கும் பாசிக்காகவே வாழ்ந்தார் ஒரு தமிழ்நாட்டு விஞ்ஞானி. அவர்தான் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்கார். இந்தியப் பாசி ஆராய்ச்சியின் தந்தை என்று உலகம் போற்றியது அவரைத்தான்.

குருசடைத் தீவு

1886-ம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் பிறந்தார் அய்யங்கார். தாவர சாஸ்திரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றபின், சென்னை அரசாங்க மியூசியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. 1920-ல் மாநிலக் கல்லூரியில் பேராசிரியர் பதவி.

குளம், குட்டை, வயல், கடற்கரை என்று அவர் பாசி தேடினார். பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைச் சென்னை மியூசியம் 1927-ல் வெளியிட்டது. டென்மார்க் நிபுணர் போர்கெசன், 1939-ல் ஒரு கடற்பாசி இனத்துக்கு "அய்யங்காரியா" என்றே பெயர் சூட்டினார்.

வெளிச்சம் செய்யும் விந்தை

கடலில் பாசியின் வாழ்வு வெளிச்சத்தைப் பொறுத்தது. கடலுக்குள் இறங்கும் வெயிலில் சிவப்பு நிறம் முதலில் மறைந்துவிடும். தெளிந்த நீரில் நீல நிறமே ஆழத்துக்குப் போகும். ஆழத்தில் வாழும் செம்பாசிகள், தங்கள் செந்நிறப் பொருளால் அந்த மங்கிய ஒளியையும் பிடித்துக்கொள்கின்றன.

மேலே விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டும் எட்டும் ஆழம்தான் மிதக்கும் பாசிக்கு எல்லை. அதற்குக் கீழே வரவை மிஞ்சியது செலவு! வெளிச்சம் அளவுக்கு மிஞ்சினாலும் ஆபத்துதான். உச்சி வெயிலில் நீர்மட்டத்தில் இருக்கும் பாசியின் உற்பத்தி குறைந்துவிடும். சற்றுக் கீழே இருக்கும் பாசியே நன்றாக வேலை செய்யும்.

லண்டன் பயணம்

1930-ல் அய்யங்கார் லண்டன் சென்றார். பாசி ஆராய்ச்சியில் புகழ்பெற்ற பேராசிரியர் பிரிட்ஷிடம் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். ஈர மண்ணில் வளரும் ஒரு புதுப் பாசியை 1932-ல் உலகுக்கு அறிவித்து, "பிரிட்ஷியல்லா" என்று ஆசிரியரின் பெயரையே அதற்கு வைத்தார். அதன் ஒரு பகுதி மண்ணுக்குள்ளும், கிளைகள் வெளியேயும் வளர்ந்தன. நிலத்துச் செடிகள் பாசியிலிருந்து தோன்றிய விதத்துக்கு இது தடயம் என்று பலர் கருதினர். நிலத்துச் செடிகள் வேறொரு பச்சைப் பாசிக் கிளையிலிருந்து வந்தவை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆனாலும், நீர்வாழ் பாசி தரையில் வாழப் பழகியதற்கு உதாரணமாக அது பாடப் புத்தகங்களில் நிலைத்துவிட்டது.

சீடர் பரம்பரை

நாடு திரும்பி, சென்னைச் சர்வகலாசாலைத் தாவர ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராக 1944 வரை இருந்தார். அவரிடம் பயின்ற ஆர். சுப்பிரமணியன், சென்னைக் கடலில் மிதக்கும் நுண்பாசிகளை வகைப்படுத்தி 1946-ல் வெளியிட்டார். பிறகு மேற்குக் கடற்கரையை ஆராய்ந்து, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் அங்கே பாசி பெருகுகிறது என்று 1959-ல் காட்டினார். வானம் மூடி வெளிச்சம் குறையும் காலத்தில் பாசி பெருகுவது எப்படி? அப்போது ஆழத்துச் சத்து மேலே வருகிறது. வயலுக்கு வெயிலோடு எருவும் வேண்டும். கடலுக்கும் அதே கதைதான்!

ஓய்வு பெற்ற பின்னும் அய்யங்கார் மைக்ராஸ்கோப்பை விடவில்லை. 1963 டிசம்பரில் காலமானார். அதே ஆண்டில், மன்னார் வளைகுடாவில் மிதக்கும் பாசி எவ்வளவு உணவு உற்பத்தி செய்கிறது என்ற ஆராய்ச்சியை மண்டபம் மீன் ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளான ரகு பிரசாத்தும் ராமச்சந்திரன் நாயரும் வெளியிட்டார்கள்.

கடலில் எத்தனை மீன் பிடிக்கலாம் என்ற கணக்குக்கு அடிப்படை இந்த ஆராய்ச்சிதான். பாசி குறைந்தால் மீன் குறையும். மீன் குறைந்தால் புன்னைக்காயலில் அடுப்பு எரியாது. அற்பம் என்று ஒதுக்கிய பாசிக்குள் இத்தனை பேரின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. அந்தப் பாசியைப் படிக்க நம் நாட்டிலேயே ஒரு பரம்பரையை உண்டாக்கியவர் அய்யங்கார்.